ஒரு கூரை, நாற்பது குடும்பம்

நம் ஊர்ப் பக்கத்தில் 'சொசைட்டி' என்றால் பால் ஊற்றும் இடம். அல்லது உரமும் பயிர்க்கடனும் வாங்கும் இடம். மும்பைக்கு வந்து சேர்ந்த தமிழர் அந்தச் சொல்லுக்கு இங்கே வேறொரு பொருள் உண்டென்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொள்கிறார். "எந்தச் சொசைட்டி?" என்று ஆட்டோக்காரர் கேட்டால், எந்தக் கட்டடம் என்று பொருள். வாயிலில் ஒரு பெயர்ப்பலகை, அதன் கீழே பதிவு எண். படிக்கட்டின் அடியில் ஓர் அறிவிப்புப் பலகை, அதில் தண்ணீர் வரும் நேரமும் பொதுக்கூட்ட அழைப்பும். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு வாட்ச்மேன். இவ்வளவும் சேர்ந்ததுதான் மும்பையின் சொசைட்டி.

இந்நகரில் வீடு என்பது பெரும்பாலும் தனித்து நிற்பதன்று. தலைக்கு மேலே ஒருவர் வீடு, காலுக்குக் கீழே இன்னொருவர் வீடு. ஒரே தூண், ஒரே தொட்டி, ஒரே மொட்டை மாடி. இவ்வாறு வாழும் நாற்பது குடும்பங்களின் பொதுச் சொத்தை யார் காப்பது? செலவை எப்படிப் பங்கிடுவது? கருத்து வேறுபட்டால் யார் சொல்வது செல்லும்? நம்மில் பலர் பெற்றோருடன் இத்தகைய கட்டடங்களில் வாழ்கிறோம். வேறு பலர் நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். நாளை ஏதோ ஒரு நகரில் நாமே வீடு வாங்கப்போகிறோம். ஆகவே இவ்வினாக்களுக்கான விடையைத் தெரிந்துகொள்வது வீண் முயற்சி ஆகாது.

வரலாறு

கூட்டுறவு நமக்குப் புதிதன்று. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது 1904-ஆம் ஆண்டில். அதே ஆண்டில் இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டமும் வந்தது. ஆனால் அது கடன் சங்கங்களுக்காகவே எழுதப்பட்டது. பிற துறைகளில் சங்கம் அமைக்க வழி திறந்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வழியே 1915-இல் பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் எழுந்தது. அதற்கு முன்நின்றவர் ராவ் பகதூர் தல்மாக்கி. வெளியூரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த நடுத்தரக் குடும்பங்கள், தனித்தனியே நிலம் வாங்க இயலாதவர்கள், சேர்ந்து நிலமும் கட்டடமும் தேடிக்கொண்ட கதை அது. பின்னாளில் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர்கள் குடியேறி நிலைத்ததும் ஏறக்குறைய இதே தேவையால்தான்.

பிறகு 1925-இல் பம்பாய் மாகாணத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது. மாநிலம் பிரிந்தபின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960 அதன் இடத்தைப் பெற்றது. இன்றும் ஆள்வது இச்சட்டமே. வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் 2019-இல் அதில் சேர்க்கப்பட்டது.

வீடு யாருடையது?

இங்கேதான் பலர் மயங்குகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தை உடைமையாகக் கொள்ள இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது கூட்டுறவு முறை. இதில் நிலமும் கட்டடமும் சங்கத்துக்கே சொந்தம். உறுப்பினரிடம் இருப்பது சங்கத்தின் பங்குகளும், குறிப்பிட்ட ஒரு வீட்டில் வாழும் உரிமையுமே. அந்த உரிமையை விற்கலாம், வாரிசுக்கு விடலாம். ஆயினும் மண்ணின் பத்திரம் சங்கத்தின் பெயரில் இருக்கும், இருக்க வேண்டும். கட்டியவர் பத்திரத்தை மாற்றித் தராமல் காலம் கடத்துவது இந்நகரின் பழைய நோய். அதற்கு மருந்தாக, கட்டியவர் கையெழுத்து இல்லாமலேயே அதிகாரியிடம் விண்ணப்பித்து உரிமையைப் பெறும் வழியை 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்று தந்தது.

இரண்டாவது, மேலைநாடுகளில் காண்டோமினியம் எனப்படும் முறை. மகாராஷ்டிரத்தில் இதற்கு 1970-ஆம் ஆண்டின் அபார்ட்மெண்ட் உடைமைச் சட்டம் உண்டு. இதில் வீடு உரிமையாளருடையதே. அத்துடன் நிலத்திலும் பொது இடங்களிலும் அவருக்குப் பிரிக்கப்படாத பங்கு ஒன்று உண்டு. சங்கம் நிர்வாகம் மட்டுமே செய்கிறது. தமிழ்நாட்டில் வீடு வாங்கும்போது பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பங்கு' இத்தனை சதுர அடி என்று எழுதுகிறார்களே, அது இவ்வகையைச் சேர்ந்தது. அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் போதும் என்பது அதன் முக்கியமான மாற்றம்.

இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கூட்டுறவில் வீடு பெரிதோ சிறிதோ, உறுப்பினருக்கு ஒரே வாக்கு. மற்ற முறையில் பங்கின் அளவுக்கேற்பக் குரலும் செலவும் அமைகின்றன. முன்னதில் மனிதரை எண்ணுகிறார்கள். பின்னதில் சதுர அடியை எண்ணுகிறார்கள்.

சிறு குடியரசு

கூட்டுறவுச் சங்கம் ஒரு சிறிய குடியரசு. உறுப்பினர் அனைவரும் கூடிய பேரவையே அதன் உச்ச அதிகாரம். அது தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு ஐந்தாண்டு பணிபுரியும். நூறு உறுப்பினர் வரையுள்ள சங்கத்தில் குழுவுக்குப் பதினோரு பேர் என்றும், பெண்களுக்கும் பின்தங்கிய வகுப்பினருக்கும் இடஒதுக்கீடு என்றும் மாதிரித் துணைவிதிகள் கூறுகின்றன. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் அலுவலகத்திலிருந்து களைத்து வந்தபின் இந்த வேலையைச் செய்பவர்கள்.

நம் விடுதி உணவுக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் புளிப்பு மிகுந்தால் செயலாளரைத் திட்டுவதற்கு எல்லோரும் வருவோம். கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்கு மட்டும் யாரும் வருவதில்லை. சொசைட்டியின் கதையும் அதுவே. ஆண்டுப் பேரவை செப்டம்பர் 30-க்குள் கூட வேண்டும். பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர், அல்லது இருபது பேர், இவற்றில் எது குறைவோ அது குறைவெண். நாற்பது வீடுகள் உள்ள கட்டடத்தில் இருபது பேர் வந்தால் கூட்டம் நடக்கலாம். வராவிட்டால்? அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். ஒத்திவைத்துக் கூடும் கூட்டத்துக்குக் குறைவெண் தேவையில்லை. ஆகவே எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தாலும் நாற்பது குடும்பங்களின் லட்சக்கணக்கான ரூபாயைப் பற்றி அவர்கள் முடிவு செய்யலாம். அது சட்டப்படி செல்லும். பின்னர் மாடிப்படியில் நின்று முணுமுணுப்பதால் பயன் இல்லை.

உறுப்பினருக்குக் கணக்கேடுகளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். குழு தவறினால் துணைப் பதிவாளரிடம் முறையிடலாம். கருவிகள் எல்லாம் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தும் கைகள்தாம் குறைவு.

மாதச் சீட்டைப் படிப்பது எப்படி?

மாதந்தோறும் கதவின் அடியில் நுழைக்கப்படும் மெயின்டனன்ஸ் சீட்டில் ஏழெட்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நியாயம் உண்டு. மாநகராட்சியின் சொத்துவரியை வீட்டின் பரப்புக்கேற்பப் பங்கிடுகிறார்கள். வரியே பரப்பைப் பொறுத்ததாதலால் இது பொருத்தம். தண்ணீர்க் கட்டணம் வீட்டிலுள்ள குழாய்களைப் பொறுத்தது. வாட்ச்மேன், துப்புரவு, மாடிப்படி விளக்கு, அலுவலகச் செலவு ஆகியன எல்லோருக்கும் சமம். லிப்ட் செலவும் சமமே.

"நான் தரைத்தளத்தில் இருக்கிறேன், லிப்டில் கால் வைத்ததே இல்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி எழாத கட்டடம் இராது. ஐந்தாம் மாடிக்காரர் இதற்கு மறுமொழியாக, "தரையில் தேங்கும் மழைநீரை இறைக்கும் பம்பு எனக்கு எதற்கு?" என்று கேட்கலாம். இவ்வாறு ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்தாததைக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது கட்டடமன்று, வழக்கு. பயன்பாட்டை அளந்து பார்க்க இயலாத இடத்தில் சமமாகப் பங்கிடுவதே சண்டை குறைந்த வழி என்று துணைவிதிகளை எழுதியவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இனி மிக முக்கியமான இரு வரிகள். ஒன்று பழுதுபார்ப்பு நிதி; வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம். மற்றொன்று 'சிங்கிங் பண்டு' எனப்படும் சேமநிதி. அதே செலவில் குறைந்தது 0.25 சதவீதம். நிலத்தின் விலை இக்கணக்கில் சேராது. முன்னது அன்றாடப் பழுதுகளுக்கு. பின்னது கட்டடத்தின் எலும்பையே சீர்செய்யும் பெரும் வேலைக்கு. பேரவையின் தீர்மானமின்றி அதைத் தொடக்கூடாது.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தைக் கணக்குப் போட்டுக் காண்போம். ஒரு கட்டடம் 1985-இல் எழுந்தது. ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு அன்று ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.25 சதவீதம் ஆண்டுக்கு 250 ரூபாய். நாற்பது வீடுகளுக்கு 10,000 ரூபாய். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒழுங்காகச் சேர்த்தாலும் அசல் மூன்றரை லட்சம். வட்டி சேர்ந்தாலும் சில லட்சங்களுக்கு மேற்போகாது. ஆனால் அத்தகைய கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டித் தூண்களைச் சீர்செய்து பூசி முடிக்க இன்று பல பத்து லட்சங்கள் ஆகும். சட்டம் சொல்வது குறைந்த அளவை. 'இவ்வளவே போதும்' என்று அது சொல்லவில்லை. பேரவை விரும்பினால் உயர்த்தலாம். ஆனால் மாதச் சீட்டில் ஐந்நூறு ரூபாய் ஏறும் என்றால் கை தூக்குவோர் யார்? குறைந்த மெயின்டனன்ஸ் என்று பெருமை பேசும் கட்டடம் பெரும்பாலும் தன் மக்களிடம் கடன் வாங்கிக்கொண்டிருக்கும் கட்டடமே.

கான்கிரீட்டுக்கும் வயது உண்டு

இந்நிதி எதற்காக என்பதை விஞ்ஞான மாணவர் எளிதில் உணரலாம். கான்கிரீட்டினுள் எஃகுக் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது ஏன்? சிமெண்டு நீருடன் கூடும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் உள்ளே காரத்தன்மை மிகுந்து பி.எச். அளவு 12.5-க்கு மேல் நிற்கிறது. அந்நிலையில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படர்ந்து அதைக் காக்கிறது.

காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து காரத்தைக் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். 9 அளவுக்கு இறங்கியதும் காப்புப் படலம் குலைகிறது. இம்மாற்றம் உட்செல்லும் ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்தாண்டில் 10 மில்லிமீட்டர் சென்றால், 20 மில்லிமீட்டர் செல்ல நாற்பதாண்டு ஆகும். அதாவது, கம்பியின் மேலுள்ள கான்கிரீட்டுப் போர்வையை மேஸ்திரி பாதியாகக் குறைத்துவிட்டால் காப்புக் காலம் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடுகிறது! கடற்காற்றின் குளோரைடு உப்போ இக்கணக்குக்கும் காத்திராமல் படலத்தைத் துளைக்கும்.

காப்பு நீங்கிய கம்பிக்கு ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துரு. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். அந்த நெருக்குதலில் கான்கிரீட்டு வெடிக்கிறது, வெடிப்பு வழியே மேலும் ஈரம், மேலும் துரு. விட்டத்தின் அடியில் கம்பி தெரியப் பூச்சு உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்போம். அது முடிவன்று, நெடுநாளாக உள்ளே நடந்ததன் அறிவிப்பு. ஆகவே குளியலறைக் கசிவும், மொட்டை மாடியில் தேங்கும் நீரும், மழைநீர்க் குழாய் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றும் அற்பக் குறைகள் அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் மழை பொழியும் இந்நகரில் ஈரத்தைத் தடுப்பதே பாதி மராமத்து.

இதனால்தான் பதினைந்து முதல் முப்பது வயதுள்ள கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கொரு முறையும், முப்பது கடந்தால் மூன்றாண்டுக்கொரு முறையும் கட்டமைப்புத் தணிக்கை வேண்டும் என்று துணைவிதிகள் கூறுகின்றன. ஆனால் அறிக்கை வாங்கினால் மட்டும் கட்டடம் உறுதிப்படாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சர்ப்சைடு என்னுமிடத்தில், 1981-இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் காண்டோமினியத்தை 2018-இல் ஒரு பொறியாளர் ஆராய்ந்து, நீச்சல் குளத் தளத்தின் நீர்காப்பு பழுதுபட்டிருப்பதை எழுத்தில் தந்தார். செலவு பெரிது, உரிமையாளரிடையே வாதம் நீண்டது, தொகை ஒன்றரைக் கோடி டாலராக வளர்ந்தது. அவ்வேலை தொடங்குமுன் 2021 ஜூன் 24 அன்று கட்டடம் சரிந்து 98 பேர் மாண்டனர். சரிவின் மூலகாரணம் எதுவாயினும், பொதுச் செலவைத் தள்ளிப்போடும் கூட்டத்தார்க்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

மூன்று சச்சரவுகள்

எந்தச் சொசைட்டியிலும் சண்டைகள் மூன்று வகையுள் அடங்கும்.

முதலாவது, கசிவு. வெளிச்சுவர், பொதுக் குழாய், மழைநீர், மொட்டை மாடி ஆகியவற்றால் வரும் கசிவைச் சங்கம் தன் செலவில் நீக்க வேண்டும். கடைசி மாடியின் கூரை பழுதுபட்டால் அது அந்த வீட்டாரின் தலையெழுத்தன்று, சங்கத்தின் பொறுப்பு. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்தோ சமையலறைத் தொட்டியிலிருந்தோ ஒழுகினால் அது மேல்வீட்டுக்காரர் பொறுப்பு. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் ஆண்டுக்கணக்காக ஒழுகுவானேன்? ஒழுகும் வீடு ஒன்று, கதவு திறக்க வேண்டிய வீடு மற்றொன்று என்பதால்தான்.

இரண்டாவது, பாக்கி. பாக்கிக்கு ஆண்டுக்கு 21 சதவீதம் வரை தனிவட்டி விதிக்கலாம். சீட்டுக் கொடுத்து மூன்று மாதம் கடந்தும் செலுத்தாதவர் நிர்வாகக் குழுவில் இடம்பெற முடியாது. மேலும் போனால் பதிவாளரிடம் வசூல் சான்று பெற்று நிலவரிப் பாக்கி போலவே தண்டலாம். கோபத்தில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை நிறுத்துவது வழியன்று.

மூன்றாவது, உள்மாற்றம். 'என் வீடு, என் சுவர்' என்று எண்ணித் தூணையும் விட்டத்தையும் தொடுவது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தாங்கும் பகுதிகள் அகற்றப்பட்டன என்பதே அதுபற்றி எழுந்த குற்றச்சாட்டு. தூண் ஒரு வீட்டினுள் நிற்கலாம்; அது தாங்குவது எல்லா வீடுகளையும். அத்தகைய வேலையைத் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் தடுக்காத செயலாளரும், பார்த்தும் பாராமல் போன அண்டை வீட்டாரும் தம் கடமையில் வழுவியவர்களே.

வாடகைக்கு இருக்கும் நமக்கு

நம்மில் பெரும்பாலோர் உறுப்பினரல்லர், வாக்கும் இல்லை. ஆயினும் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது. உறுப்பினர் தம் வீட்டை வாடகைக்கு விடச் சங்கத்துக்குத் தகவல் தந்தால் போதும். 'அனுமதி' கேட்டுக் கைகட்டி நிற்க மாதிரித் துணைவிதிகள் சொல்லவில்லை. அதற்காகச் சங்கம் வாங்கும் கூடுதல் கட்டணம், சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதுவும் உரிமையாளர் கொடுக்க வேண்டியது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவது 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. பதியாத ஒப்பந்தத்தை நம்பிப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்தல் தகாது.

மணமாகாத மாணவருக்கு வீடில்லை, இன்ன உணவு உண்போருக்கு இடமில்லை என்ற வாய்மொழி விதிகளை நாம் நன்கறிவோம். கூட்டுறவு வீட்டுவசதி ஒரு சமூகத்தார் தமக்குள் கூடிக்கொண்டதிலிருந்து பிறந்தது. அகமதாபாதின் பார்சி சங்கம் ஒன்று தன் சமூகத்தாருக்கே உறுப்பினர் உரிமை என்று வைத்த துணைவிதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. எழுதிப் பதிந்த துணைவிதிக்குத்தான் அந்தப் பலம். வாசலில் நின்று ஒருவர் சொல்லும் விதிக்கு இல்லை. ஆதலால் மறுப்பவரிடம் "இது எந்தத் துணைவிதி?" என்று மரியாதையுடன் கேட்பதில் தவறில்லை. நாளை நம்மவர் பெரும்பான்மையாக உள்ள கட்டடத்தில் வேற்றுமொழி மாணவர் ஒருவர் வந்து நின்றால், இந்தக் கேள்வி நம்மை நோக்கியும் திரும்பும் என்பதை மறக்க வேண்டா.

செய்யத்தக்கது

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேராவது ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவது. கட்டடமோ ஒவ்வொரு நொடியும் நம்மைத் தாங்கிக்கொண்டு நிற்பது. பெற்றோருடன் இருப்பவர்கள் இந்த வாரமே வீட்டிலுள்ள மாதச் சீட்டை எடுத்துச் சேமநிதி வரியைப் பாருங்கள். கட்டடத்துக்கு வயது என்ன, கடைசியாகக் கட்டமைப்புத் தணிக்கை நடந்த ஆண்டு எது, வங்கியில் உள்ள நிதி எவ்வளவு என்று செயலாளரைக் கேளுங்கள். அவர் பெரும்பாலும் நல்லவராகத்தான் இருப்பார். யாரும் கேட்பதில்லையே என்ற சலிப்பும் அவருக்கு இருக்கும். வரும் செப்டம்பரில் அப்பாவையோ அம்மாவையோ பேரவைக் கூட்டத்துக்கு அனுப்பிவையுங்கள். அங்கே சேமநிதியை உயர்த்தும் தீர்மானம் வந்தால் கை தூக்கச் சொல்லுங்கள்.